எழுபத்திரண்டில் ஒரு பங்கு அழுக்கு

பிளாஸ்டிக்கில் போர் விமானம் கட்டுவோர் விமானத்தைத்தான் கட்டுகிறார்கள் என்பது உலகோர் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவர்கள் உண்டாக்குவது அழுக்கு. விமானம் அந்த அழுக்கு உட்காருவதற்கான இடம், அவ்வளவே. இதை நிறுவ 1/72 அளவில் ஒரு மிக்-21எஃப்எல் விமானத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அளவு. ஆறடி விமானி இங்கே ஓர் அங்குலம். 7.15 மீட்டர் இறக்கை பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1942இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காக, இதே அளவில் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்துதரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டது. 35 அடி தள்ளி நின்று பார்த்தால் அசல் விமானம் அரை மைல் தொலைவில் பறப்பதுபோல் தெரியும் என்பது கணக்கு. எல்லாவற்றுக்கும் கருப்பு வண்ணம். எந்தக் கருப்பு என்று யாரும் சண்டை போட்டிருக்க வழியில்லை. இத்துறையின் பொற்காலம் அதுவே என்பது நம் துணிபு.

இன்று நிலைமை வேறு. மிக்-21 போன்ற சோவியத் விமானங்களின் காக்பிட் உட்புறம் ஒருவகை நீலப்பச்சை. அது பச்சை கலந்த நீலமா, நீலம் கலந்த பச்சையா என்று இரண்டு கட்சி. கண்ணாடி மூடியை ஒட்டிய பிறகு உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியாது என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் உடன்பாடு.

கட்டும் வேலையை விரிக்க வேண்டாம். வெட்டு, ஒட்டு, இடைவெளியில் புட்டி வை, உப்புத்தாள் போட்டுத் தேய். தேய்க்கையில் இருக்க வேண்டிய தகட்டுக் கோடுகளும் சேர்ந்து அழியும். ஊசியால் மறுபடி கீற வேண்டும். இங்கே ஒரு கணக்கு. 0.2 மி.மீ. அகலமுள்ள கோடு, அசலில் 14.4 மி.மீ. பிளவு, சுண்டுவிரல் நுழையும். 0.3 மி.மீ. ஆணித்துளை ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம். ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் இருக்கட்டும், அத்தகைய விமானம் ஓடுபாதை முனைவரை முழுசாகப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. ஆயினும் கோடில்லாத மாதிரியை எவரும் மதிப்பதில்லை. ஏன்? கோடு இல்லையேல் அழுக்கு தங்க இடமில்லை. இது முதற்சான்று.

இரண்டாம் சான்று வண்ணம். இந்திய விமானப்படைக்கு மிக்-21 வெள்ளியாய்ப் பளபளத்துக்கொண்டு வந்தது. 1971 போர்க்காலத்தில் பல மிக்-21எஃப்எல் விமானங்களுக்கு அவசர அவசரமாகப் பச்சை பூசினார்கள். ஒன்றைப்போல் ஒன்று இராது. டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கப் போன விமானங்களில் மிக்-21எஃப்எல்களும் இருந்தன. பூசியவர்களுக்கு, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கவலை இருந்திருக்காது. மாதிரிக்காரரோ பழைய புகைப்படத்தை உருப்பெருக்கிப் பார்த்து, மிக மெல்லிய பிரஷ் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த அவசரத்தை வாரக்கணக்கில் நிதானமாக நகலெடுப்பார். ஒரு தீற்றல் நேராக விழுந்துவிட்டால் அழித்துவிட்டுக் கோணலாகப் போடுவார்.

அடுத்து பளபளப்பு வார்னிஷ். சொரசொரப்பான பரப்பில் டெக்கால் எனும் சின்னப் படலத்தை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளை பூத்துவிடும். அதைத் தவிர்க்கவே இந்தப் பூச்சு. ஆகவே அழுக்காக்குவதற்கு முன் விமானம் ஒரே ஒருமுறை மிகச் சுத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் யாரையும் கூப்பிட்டுக் காட்டமாட்டார்கள். பிறகு தின்னரில் கரைத்த கரும்பழுப்பு, கோடுகளில் ஓடும். ஏணி சாத்தும் இடத்தில் பச்சை உரிந்து வெள்ளி தெரியும். வால்புறம் கரி. வயிற்றடியில் எண்ணெய்க் கசிவு. அதைப் பார்க்க விமானத்தைக் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தால் சக்கரம் ஒடியும்.

அப்படியானால் வீட்டுத் தூசை அப்படியே விட்டுவிடலாமே என்பாரும் உளர். அது பொருந்தாது. 0.1 மி.மீ. தூசு 72 மடங்கில் 7 மி.மீ. சரளைக்கல். இந்திய விமானப்படையிலிருந்து மிக்-21 சண்டிகரில் விடைபெற்றது 2025 செப்டம்பர் 26இல். அதுவரை அதன் மேல் சரளை கொட்டிய புகைப்படச் சான்று எதுவும் நம் பார்வைக்கு வரவில்லை.

எனவே அலமாரியைத் துடைக்க வேண்டியதாகிறது. துடைப்பவர் பெரும்பாலும் கட்டியவர் அல்லர். மூக்கில் நீண்டிருக்கும் பிட்டோ குழாய் தூசோடு போனபின், அவரிடமிருந்து மூன்றாம் சான்று கிடைக்கும்: "எல்லாம் துடைச்சாச்சுங்க. பின்னாடி இருக்கிற கரி மட்டும் போகமாட்டேங்குது. பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுப் பார்க்கட்டுமா?"