நீங்க சும்மா செக் பண்ணா போதும், அங்கிள்

2023 ஜூலையில் பெங்களூரின் பவர் டிவி என்கிற கன்னடச் சேனலில் சௌந்தர்யா செய்தி வாசிக்க வந்தாள். மேக்கப் கேட்கவில்லை, கேப் கேட்கவில்லை, வரமகாலட்சுமி பண்டிகைக்கு லீவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு? அதே மாதம் ஒடிசாவில் லிசா வந்தாள். 2024 மே மாதம் டிடி கிசானில் கிரிஷ், பூமி என்று ஜோடியாகவே இறக்கினார்கள். ஐம்பது மொழிகளில் பேசுவார்களாம். நான் இரண்டரை மொழிக்காரன். தமிழ், ஆங்கிலம், அப்புறம் ஆட்டோக்காரரிடம் மட்டும் செல்லுபடியாகும் அரைக் கன்னடம்.

அல்சூர் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் விளம்பரங்களுக்கு ஒலி வெட்டுவது என் பிழைப்பு. சேர்ந்த காலத்தில் நிஜமாகவே பிளேடால் வெட்டினேன். கால் அங்குல டேப், நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். அறிவிப்பாளர் ஒரு நொடி மூச்சு வாங்கினால் அந்த மூச்சை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். ரீல்களைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டியதை உடனே தூக்கிப் போடக் கூடாது, கிளையண்ட் மனசு மாறும். அதனால் இருமல்களும் செருமல்களும் சுவரில் நீள நீளமாகத் தொங்கும். எது யாருடைய இருமல் என்று சீட்டு வேறு ஒட்டியிருப்போம். ஒருநாள் பெருக்க வந்த அம்மா கீழே கிடந்த துண்டொன்றைக் குப்பையோடு அள்ளிப் போய்விட்டார். கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம் அது. "மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை" என்பதில் கடைசி இரண்டு சொற்களும் முறத்தில் போயின. விளம்பரம் முதல்முறையாக உண்மை பேசியது. மறுபடி ரெக்கார்டு செய்து அதைக் கெடுத்தோம்.

2001இல் நாட்டின் முதல் தனியார் எஃப்எம்மான ரேடியோ சிட்டி இந்த ஊரில்தான் தொடங்கியது. விளம்பரங்கள் குவிந்தன; பிளேடு போய் மவுஸ் வந்தது. "திரையில கோட்டப் பார்த்து வெட்டுறவனுக்குக் காது எதுக்கு?" என்று சீனியர்கள் புலம்பினார்கள். நானும் புலம்பத்தான் இருந்தேன், 'அன்டூ' என்ற பொத்தானைக் காட்டும் வரை. வெட்டியதைத் தானே ஒட்டித் தருகிற பொத்தானை எதிர்ப்பவன் ஒருநாளும் பிளேடு பிடித்திருக்க மாட்டான்.

மைசூர்ச் சீமைக்குப் புதுமை ஒன்றும் புதிதல்ல. 1935இல் எம்.வி. கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் மைசூரில் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அதற்குத்தான் முதலில் அமைந்தது. வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு அவர் எந்த ஹெச்ஆரிடமும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஸ்டூடியோவுக்கும் ஏஐ வந்துவிட்டது. பயிற்சி நாளன்று எல்லோருக்கும் சௌசௌ பாத், காபி மட்டும் பை டூ. மாற்றத்தை முழுதாக ஏற்கச் சொன்ன நிர்வாகம் காபியைப் பாதியாகத்தான் கொடுத்தது. எங்கள் ஆபீசில் முதலாளி உட்பட எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பயிற்சி கொடுக்க வந்த பெண் என் தலையைப் பார்த்ததும் அந்த விதியைத் தளர்த்திவிட்டாள்.

"ரொம்ப சிம்பிள், அங்கிள். ஸ்கிரிப்டப் போட்டா அதுவே பேசும், அதுவே வெட்டும், அதுவே மிக்ஸ் பண்ணிடும்."

"அப்ப நான் என்னம்மா பண்றது?"

"நீங்க சும்மா செக் பண்ணா போதும், அங்கிள்."

செக் பண்ணினேன். வீட்டுமனை விளம்பரம், "பசவனகுடியிலிருந்து 4 கி.மீ." தமிழில் ககரம் ஒன்றே ஒன்று, ஏஐ பாவம் என்ன செய்யும்? கன்னடத்தில் கோயில் என்று பொருள்படும் சொல்லைத் தமிழ்க் குடியாக அழுத்திச் சொல்லி, கோயில் இருக்கும் பேட்டையைச் சாராயக் கடைப் பக்கம் தள்ளியது. பிறகு "நான்கு கி" என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "மீ" என்றது. ஆமாம், மூச்சு! அதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலமெல்லாம் நான் மனிதர்களின் மூச்சை வெட்டி எறிந்தேன். இப்போது நிஜம் போலிருக்க வேண்டும் என்று கிளையண்ட் காசு கொடுத்து மூச்சைச் சேர்க்கச் சொல்கிறார்.

ஒருநாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது, மறுக்கவில்லை. மிச்ச நேரத்துக்கு அதே விளம்பரத்தைக் கோவைத் தமிழில், கொஞ்சம் உற்சாகமாக, கொஞ்சம் அம்மா மாதிரி என்று வகைவகையாகக் கேட்டு வாங்கி, கடைசியில் முதலில் அனுப்பியதையே ஓகே செய்கிறார்கள். இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். குரல் கொடுத்தவருக்கு ஒருமுறை காசு தந்துவிட்டு, அந்தக் குரலைக் காலமெல்லாம் ஓவர்டைம் வேலை வாங்குவது அநியாயம்.

ஆகவே வாசகர்களே, விளம்பரத்திலோ செய்தியிலோ உங்கள் ஊர்ப் பெயரை ஏதாவது குரல் கொலை செய்தால், சிரித்துவிட்டுச் சேனலை மாற்றிவிடாதீர்கள். ஒரு புகார் எழுதிப் போடுங்கள். செக் பண்ண ஓர் ஆள் வேண்டும் என்பது எங்கள் முதலாளிக்கு அப்படித்தான் தெரியவரும்.