புல்தரைப் பலகைகளின் திணையியல்: ஒரு முன்வரைவு

அமெரிக்கத் தேர்தலை ஆராய்வோர் கருத்துக்கணிப்பு, விளம்பரச் செலவு, ஊசலாடும் மாநிலங்கள் என்று உயரத்திலேயே பறந்துகொண்டிருக்கிறார்கள். குனிந்து புல்லைப் பார்த்தவர் குறைவு. வீட்டு முன் புல்தரையில் செருகப்படும் ‘யார்ட் சைன்’ என்னும் பலகைக்கு இலக்கணம் வகுக்க இன்னும் ஒரு தொல்காப்பியர் வாய்க்காதது அந்நாட்டின் அவப்பேறு. அக்குறை தீர்க்கவே இச்சிற்றாய்வு.

முதலில் பொருளின் வடிவு. பெரும்பாலும் 24 அங்குல அகலம், 18 அங்குல உயரம். உள்ளே குழல் குழலாக இடைவெளி விட்ட பிளாஸ்டிக் தகடு; அந்தக் குழல்களில் நுழையும் கம்பிக்கால்கள். செருப்புக் காலால் மிதித்தே மண்ணில் இறக்கிவிடலாம். மேலே வேட்பாளர் பெயர், கீழே ஆண்டு. கொள்கை எதுவும் எழுதியிருக்காது. இடம் போதாது என்பர் ஒரு சாரார். தேவைப்படாது என்பது எம் கருத்து.

பலகையால் ஓட்டு விழுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீனும் கூட்டாளிகளும் நான்கு தேர்தல்களில் இதைச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் சில பகுதிகளில் பலகை நட்டு, மற்றவற்றைச் சும்மா விட்டு, ஓட்டை எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாகக் கூடியது 1.7 சதவீதப் புள்ளி. 2000-இல் ஃபுளோரிடாவும் அதோடு சேர்ந்து வெள்ளை மாளிகையும் 537 ஓட்டில் கைமாறியதை நினைத்தால் இது கிள்ளுக்கீரை இல்லைதான். ஆனால் கலிபோர்னியாவிலும் வயோமிங்கிலும் அதிபர் தேர்தலில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது பலகை நடுபவருக்கே முன்கூட்டித் தெரியும். அங்கும் இலையுதிர் காலம் வந்தால் பலகைகள் முளைக்கின்றன. எனவே பலகை நடுவது ஓட்டுக்காக என்பார் கூற்று பொருந்தாது. எதிர்வீட்டுக்காக என்பதே துணிபு.

புறநகர்த் தெருவில் எதிர்வீட்டாரோடு வானிலை பேசலாம், குப்பை வண்டி வரும் நாளைப் பேசலாம், நாயின் அஜீரணத்தைக்கூடப் பேசலாம். அரசியல் பேசினால் உறவு முறிந்துவிடும். அதைப் பலகை வாய் திறக்காமல் பேசி முடித்துவிடுகிறது. பதில், தெருவின் மறுபக்கம் இன்னொரு பலகையாக வரும். இரண்டு வீட்டாரும் மறுநாள் காலை வழக்கம்போல் கையசைத்துக்கொள்வார்கள். முன்பைவிடச் சற்றுக் குறைவாக.

இனித் திணைகள். பனம்பூ, வேப்பம்பூ, ஆத்திப்பூ என்று மூவேந்தர் படைகள் சூடிய அடையாளம் இங்கே சிவப்பு, நீலம் என இரண்டாகச் சுருங்கியுள்ளது. இது தொன்மரபு என்று எண்ணிவிடலாகாது. 1976-இல் என்பிசி தொலைக்காட்சி வரைபடத்தில் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்குத்தான் சிவப்பு. குடியரசுக் கட்சியின் ஃபோர்டுக்கு நீலம். நிறம் இன்றுள்ளபடி உறைந்தது 2000-இல், ஒரே வரைபடத்தை நாடே வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த பின்பு.

பகைவர் ஆநிரையை இருளில் கவர்வது வெட்சி. பலகையைப் பிடுங்கிப்போவதும் அதுவே. மீட்பது கரந்தை, வாசல் கேமராவும் ஒளித்துவைத்த ஏர்டேக்கும் இதன்பாற்படும். இவ்விரண்டுக்கும் மிசௌரி மாநிலத்து லடூ நகரில் சிறந்த சான்று உள்ளது. 1990 டிசம்பரில் மார்கரெட் கில்லியோ என்பவர் வளைகுடாப் போருக்கு எதிராகத் தம் முற்றத்தில் ஒரு பலகை நட்டார். அது காணாமற்போனது. இன்னொன்று நட்டார். அதை யாரோ தள்ளிவிட்டார்கள். போலீஸில் முறையிட்டார். பலகை வைப்பதே இவ்வூரில் குற்றம், அம்மணி என்று பதில் வந்தது. பிறகு அவர் மாடி ஜன்னலில் கடிதத்தாள் அளவில் ஒன்றை ஒட்டினார். மதிலுக்குள் இருந்து பொருவது நொச்சி என்பதறிக. நகராட்சி அந்தத் தாளையும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-இல் நீதிபதிகள் ஒருமனதாகக் கில்லியோ பக்கம் நின்றார்கள். வீட்டில் பலகை வைப்பவர் பல வேளை அண்டை வீட்டாரை எட்டவே நினைக்கிறார் என்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், நம் கொள்கைக்கு முன்னோடி உரையாசிரியர் ஆகிறார்.

அரிசோனாவின் கில்பர்ட் நகராட்சி நம்மையும் விஞ்சியது. அனுமதி கேட்காமலே வைக்கத்தக்க பலகைகளை 23 வகையாகப் பிரித்தது. கருத்து சொல்லும் பலகைக்கு 20 சதுர அடி, கால வரம்பில்லை. வீட்டு மனையில் தேர்தல் பலகைக்கு 16 சதுர அடி. தேவாலயத்துக்கு வழிகாட்டும் பலகைக்கு 6 சதுர அடி; வழிபாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இத்தனை நுட்பமான நூலை 2015-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, புலமைக்கு நேர்ந்த பேரிழப்பு.

நிலையாமை கூறும் காஞ்சிக்கு 2016-இல் உதாரணம் கிடைத்தது. இரு வேட்பாளரையும் வெறுத்தோர் ‘ராட்சத விண்கல்’லுக்கு ஆதரவு திரட்டினர். பப்ளிக் பாலிசி போலிங் நிறுவனம் விண்கல்லையும் சேர்த்துக் கேட்டபோது 13 சதவீதம் பேர், அது பூமியில் விழட்டும் என்றார்கள். தலைவரைப் புகழும் பாடாண் திணைக்கு, திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்கு வைத்த பேனர். பரிசில் கருதாப் பாடாண் அது, ஓட்டும் கிடையாது.

வெற்றி பாடும் வாகையில்தான் சிக்கல். அதிபர் தேர்தலில் நெப்ராஸ்கா மாநிலம் தன் ஐந்து தேர்வர் வாக்குகளை மொத்தமாக ஒருவருக்கே கொடுப்பதில்லை. மாநில அளவில் இரண்டு, மூன்று தொகுதிகளுக்கும் ஒவ்வொன்று. 2024-இல் ஒமாஹா தெருக்களில் ஒரு புதுப் பலகை பரவியது. வெள்ளைத் தகட்டில் ஒரு நீல வட்டம். பெயரில்லை, கட்சியில்லை, ஆண்டில்லை. பார்த்தவர் எல்லோருக்கும் புரிந்தது. எதிர்வீட்டார் மாநிலத்தின் வரைபடத்தையே சிவப்பில் அடித்து நட்டார்கள். முடிவில் ஒமாஹா தொகுதியின் ஒன்று ஹாரிஸுக்கு, மீதி நான்கு டிரம்ப்புக்கு. இரு வீட்டாருமே தத்தம் பலகை பலித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவரிடம் ஒருவர் சொல்லத்தான் வழியில்லை.