பொய்ப் பாலத்துக்குப் பெயர்ப்பலகை

கலிபோர்னியாக் கரையில் மொன்டரே என்றொரு ஊர். எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1879இல் அங்கே ஒரு சத்திரத்தில் சில மாதம் உடம்புக்கு முடியாமல் கிடந்தார். போதாதா? அந்தக் கட்டடம் இன்று ஸ்டீவன்சன் வீடு என்ற அரும்பொருட்காட்சியகம். காய்ச்சலோடு படுத்தெழும்பியதற்கே ஒரு கட்டடம் சரித்திரமாகிவிடும் என்றால், கரவனெல்ல ஆதார வைத்தியசாலையை உலக மரபுரிமைப் பட்டியலில் முதலாவதாகப் போட வேண்டும். சுற்றுவட்டத் தோட்டங்களில் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் எது வந்தாலும் கடைசியில் லொறியோ ஓட்டோவோ வந்து நிற்கிற வாசல் அதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவரை "கரவனெல்லக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று சொன்னால், ஊர் சுற்றிப் பார்க்கவா என்று எவரும் கேட்பதில்லை.

மற்றபடி கரவனெல்ல ஒரு சந்தி. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற பாதையில், தெஹியோவிட்டவுக்கும் யட்டியாந்தோட்டைக்கும் நடுவில், களனி கங்கையின் ஓரம். ருவான்வெல்லவுக்குத் திரும்புகிறவர்கள் இங்கே இறங்க வேண்டும். வெள்ளைக்காரத் தம்பதிகளை ஏற்றிய வான்கள் நிற்காமல் கித்துள்கலவுக்கு ஓடிவிடும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் உண்மையாக நடந்த எதற்கும் பலகை கிடையாது. நடக்காத ஒன்றுக்கு மட்டும் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு வருவோம், முதலில் வயதுப்படி.

கித்துள்கலவுக்கு மேலே பெலிலென என்ற குகை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள் என்று தோண்டிப் பார்த்த தொல்லியல்காரர்கள் சொல்கிறார்கள். எலும்பு, கல்லாயுதம் எல்லாம் எந்தக் குகையிலும் கிடைப்பதுதான். எனக்குப் பிடித்தது அங்கே கடல் உப்பு வந்திருக்கிறது என்ற செய்தி. கடற்கரை அங்கிருந்து சுமார் 80 கிலோமீற்றர். பஸ் இல்லை, கூட்டுறவுச் சங்கம் இல்லை, கூப்பன் இல்லை; ஆனாலும் உப்பு மலையேறியிருக்கிறது. அதன் பின் வந்த பல அரசாங்கங்களுக்கு இந்தக் காரியம் கைகூடவில்லை.

அடுத்து சீதாவாக்கை அரசர்கள். 1521இல் கோட்டை அரசன் விஜயபாகுவுக்கு மூன்று மகன்மார். தகப்பன் தங்களைத் தள்ளிவிட்டு இளைய தாரத்து வழிப் பிள்ளைக்குப் பட்டம் எழுதப் பார்க்கிறான் என்று தெரிந்ததும், மூவரும் ஒற்றுமையாக நின்று தகப்பனைத் தீர்த்துக்கட்டினார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த கடைசி வேலையும் அதுதான். பிரித்துக்கொண்டதில் மூத்தவன் புவனேகபாகுவுக்குக் கோட்டை கிடைத்தது, மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை கிடைத்தது. சீதாவாக்கை என்றால் இன்றைய அவிசாவளைப் பக்கம், நம்முடைய மலையடிவாரம். மாயாதுன்னை மீதி வாழ்நாளை அண்ணன் பங்கையும் பிடுங்குவதிலேயே கழித்தான். அண்ணன் போர்த்துக்கீசரைத் துணைக்குக் கூப்பிட்டான். துணைக்கு வந்தவர்களில் ஒருவன் 1551இல் துவக்கால் சுட்டு அண்ணனையே சாய்த்துவிட்டான். தவறுதலாகப் பட்டுவிட்டது என்றார்கள். காணி வழக்கில் வெளியூர்ச் சண்டியனைக் கூட்டி வந்தவர்கள் இன்றைக்கும் கேட்கிற விளக்கம்தான்.

மாயாதுன்னையின் மகன் முதலாம் இராஜசிங்கன் வேறு ரகம். போர்த்துக்கீசரை முல்லேரியாவில் ஓட ஓட அடித்தவன். 1587இல் கொழும்புக் கோட்டையையே வளைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவன். ஆனால் சூளவம்சம் அவனை நல்ல வார்த்தையில் எழுதவில்லை. அவன் தகப்பனைக் கொன்றான், பாவம் தீருமா என்று பிக்குமாரிடம் கேட்டான், தீராது என்றார்கள். சைவர்களிடம் கேட்டான், தீரும் என்றார்கள். சைவனாகிவிட்டான் என்கிறது கதை. வாடிக்கையாளர் மனம் நோகாமல் பதில் சொல்வதில் நம்மவர்கள் அன்றைக்கே கெட்டிக்காரர்கள். அவனுக்கு ஆலோசனை சொன்ன அரிட்ட கீவெண்டு பெருமாள் என்ற ஆளைப் பற்றிச் சிங்கள நூல்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதும். அவிசாவளையில் ஆற்றங்கரையில் நிற்கிற பெரெண்டி கோவில், பைரவருக்கு இராஜசிங்கன் எழுப்பியது. கல்வேலையைப் பார்த்தால் கை வைத்தவன் சாதாரணச் சிற்பி இல்லை என்று தெரியும். கட்டி முடியவில்லை. 1593இல் மூங்கில் சிராம்பு காலில் ஏறி இராஜசிங்கன் செத்துப்போனான். பீரங்கிக்குத் தப்பியவனை மூங்கில் முடித்தது. அடுத்த வருசமே ராச்சியமும் முடிந்தது. நம் தோட்டத்துக் கோயில்களில் கோபுரம் பாதியில் நின்றால் திருவிழாக் கமிட்டியைத் திட்டுகிறோம். அரசன் கட்டியதே பாதியில்தான் நிற்கிறது.

ஒல்லாந்தர் வந்தார்கள், போனார்கள். 1815இல் வெள்ளைக்காரன் இந்த வழியாகவும் கண்டிக்குப் படை நடத்தினான், ஜெயித்தான், போகவில்லை. கோப்பி நட்டான், தேயிலை நட்டான், பள்ளத்தாக்கின் புழுக்கத்தையும் மழையையும் பார்த்து இறப்பர் நட்டான். இறப்பர் தானாகப் பால் சுரந்து வாளிக்குள் நடந்து போகாது என்பதால் நம் பாட்டன் பூட்டன் வந்தார்கள். அவர்கள் வந்த கதையை எல்லாரும் எழுதியாயிற்று. நான் ரயிலுக்குப் போகிறேன்.

ஆமாம், கரவனெல்லவுக்கு ரயில் இருந்தது. களனிவெளிப் பாதை 1902இல் அவிசாவளைக்கும் 1903இல் யட்டியாந்தோட்டைக்கும் வந்து சேர்ந்தது. தண்டவாளங்களுக்கு இடையில் இரண்டரை அடி. அந்த அகலத்தில் ஓடுகிற பெட்டிக்குள் கொழும்புத் துரைமார் எப்படி முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது ஆராய்ச்சிக்குரியது. பாதை போட்டது முழங்காலுக்காக இல்லை. தேயிலைப் பெட்டிக்காகவும் இறப்பர்ச் சிப்பத்துக்காகவும். சுமார் நாற்பது வருசம் புகைவிட்டு ஓடியது. 1942இல் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு; அவிசாவளைக்கு மேலே யட்டியாந்தோட்டை வரைக்கும் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு திருப்பிப் போட எவருக்கும் நினைவு வரவில்லை. இன்று இங்கே ஸ்டேஷன் எங்கே என்று விசாரித்தால், அவிசாவளைக்குப் போகிற பஸ்ஸைக் காட்டுவார்கள்.

அதே 1942இல் காணாமல்போனது தண்டவாளம் மட்டுமல்ல, தொகுதி உறுப்பினரும்தான். அதைச் சொல்வதற்கு ருவான்வெல்லத் தொகுதியின் பெருமையைச் சொல்ல வேண்டும். 1931இல் அரசாங்க சபை உறுப்பினராயிருந்த மீதெனிய அதிகாரம் திடீரென்று காலமானார். இடைத்தேர்தலில் அவர் மகள் அடெலின் மொலமுரே நின்று வென்றார். இலங்கைச் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண் அவர். சர்வசன வாக்குரிமை வந்த அதே வருசம், கொழும்புப் படிப்பாளிகளை முந்திக்கொண்டு ருவான்வெல்ல செய்து காட்டியது. அது பெண்ணுரிமையா, அப்பா வளவுச் சொத்தா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இந்த நாட்டில் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வரும்.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாக உடைந்து நின்றன, குட்டைகளில் நுளம்பு, நுளம்பிலிருந்து மலேரியா. அடுத்த வருசம் வரைக்கும் நாடு முழுவதும் சுமார் 80,000 பேர் செத்தார்கள். கேகாலை மாவட்டத்துக்குப் பலமான அடி. அந்த நேரத்தில் லண்டனில் பொருளியல் படித்துவிட்டு வந்திருந்த என்.எம். பெரேரா என்ற இளைஞர், சூரியமல் இயக்கத்துத் தோழர்களோடு இந்தக் கிராமங்களுக்குள் மருந்தும் பருப்பும் சுமந்து திரிந்தார். சனம் அவருக்குப் 'பருப்பு மாத்தயா' என்று பெயர் வைத்தது. 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் பருப்பு மாத்தயா ருவான்வெல்லவில் ஜெயித்தார். மார்க்ஸ் எழுதிய மூன்று தொகுதியும் செய்யாத வேலையை ஒரு கரண்டிப் பருப்பு செய்தது என்று வலதுசாரிகள் சிரித்தார்கள். பசித்தவன் வீட்டில் அவர்கள் யாரும் ஒரு நாளும் கரண்டி பிடித்ததில்லை.

போர் வந்ததும் 1940இல் மாத்தயாவை உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட இரண்டாம் நாள், கண்டிச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பினார். சுவரேறிக் குதிக்கவில்லை. காவலாளியையே கட்சிக்கு இழுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். பிரசாரம் என்றால் அது.

1946இல் உந்துகொடப் பக்கத்தில் நேவ்ஸ்மயர் தோட்டம். அரசாங்கம் கிராமத்து மக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக அந்தக் காணியை எடுத்தது. நல்ல காரியம். அந்த மண்ணைக் காடு வெட்டித் தோட்டமாக்கிய தமிழ்க் குடும்பங்களை மட்டும் வெளியே போகச் சொன்னது. சனம் நகரவில்லை, வழக்கு வந்தது, களனிவெளித் தோட்டங்கள் எங்கும் வேலைநிறுத்தம். இரண்டு வருசம் கழித்து, தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, அது நேவ்ஸ்மயர் நோட்டீசை நாடு முழுவதற்கும் பிரதியெடுத்ததுபோல இருந்தது. மாத்தயா அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார், அதை மறைக்கக் கூடாது. 1964இல் நிதியமைச்சரானார், அவர் அமைச்சராக இருக்கும்போதே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்குப் பிரித்தது. அதையும் மறைக்கக் கூடாது. அப்போது அவர் யட்டியாந்தோட்டை உறுப்பினர். லயத்து ஆட்கள் பெட்டி கட்டியது அவர் தொகுதியிலிருந்தும்தான். 1970இல் மறுபடி நிதியமைச்சர். ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். தலையணைக்குள் வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். தோட்டத்தில் நூறு ரூபாய் நோட்டைக் கண்டவர்களே குறைவு என்பதால் எங்களுக்குச் சேதமில்லை. அந்த ஆட்சிக் காலத்தில் இறக்குமதி இறுகி, கடையில் பருப்பும் அருமைப் பொருளாகிவிட்டது. பருப்பு மாத்தயாவுக்கு 1977இல் தொகுதியும் போனது.

இப்போது அந்த அம்புக்குறிக்கு வருவோம். தண்டவாளம் பிடுங்கிப் பதினைந்து வருசத்துக்குள், கலிபோர்னியாப் பணம் எங்கள் ஆற்றுக்கு வந்தது. டேவிட் லீன் என்ற இயக்குநர் 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்துக்காகக் கித்துள்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம் கட்டினார். நூற்றுக்கணக்கான ஆட்கள், யானைகள், காட்டு மரம். 425 அடி நீளம். செலவு கால் மில்லியன் டொலர் என்று விளம்பரம். கணக்குப் புத்தகத்திலோ ஐம்பதாயிரத்துச் சொச்சம். கங்காணி பற்றுச்சீட்டு எழுதுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. உண்மையான ரயில் ஓடிய பள்ளத்தாக்கில் ரயிலில்லை, வெடிவைத்துத் தகர்ப்பதற்கென்றே கட்டிய பாலத்தில் ரயில் ஓடுகிறது.

1957 மார்ச்சில் அந்தப் பாலத்தைத் தகர்க்க நாள் குறித்தார்கள். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பரிவாரத்தோடு பார்க்க வந்துவிட்டார். ரயிலும் வந்தது. படப்பிடிப்பாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, லீன் நிறுத்திவிட்டார். வெடி வெடிக்கவில்லை, ஆளில்லாத ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் மறுகரையில் மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. தகர்க்கப் போன பாலம் தப்பி, தகர்க்கத் தேவையில்லாதது நொறுங்கியது. பிரதமர் மறுபடியும் வந்தார். ரயிலைத் தூக்கி நிறுத்தி, ஒருவழியாக வெடிக்க வைத்தார்கள். படத்துக்கு ஏழு ஒஸ்கார். எங்களுக்கு ஆற்றுக்குள் சில கொங்கிறீட் அடிக்கட்டைகள். அவற்றைக் காட்டித்தான் இன்றைக்கும் வழிகாட்டிகள் பிழைக்கிறார்கள்.

படம் பேசுகிற ரயில்பாதை 1942 - 43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்டது. 415 கிலோமீற்றர். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, இருக்க வேண்டியதுதான். மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்களும் அங்கே பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். கட்டை வெட்டி, மண் சுமந்து, காலராவில் விழுந்து, ஒரு கல்லும் இல்லாமல். படத்தில் அவர்கள் ஒருவரும் இல்லை. மூலநாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பால் வெட்டுகிறவன் யார் என்று தெரியாதவர் இல்லை. படம் பிடித்தவர்களுக்கும் சாட்டுச் சொல்ல வழியில்லை. கமராவை ஆற்றிலிருந்து கொஞ்சம் உயர்த்தி மலைப் பக்கம் திருப்பினால், எங்கள் லயங்கள் தெரிந்திருக்கும். வேலை முடிந்து வந்த எங்கள் சனமும் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கும். தங்கள் பங்காளிகள் செத்த கதையைத்தான் வெள்ளைக்காரன் விசிலடித்துக்கொண்டு நடிக்கிறான் என்று யார் போய்ச் சொல்வது?

படம் ஓடிய பிறகு வெளிநாட்டார் தாய்லாந்துக்குப் போய்க் குவாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். உண்மையான பாலம் நின்றது மே குளோங் என்ற ஆற்றின் மேல். தாய்லாந்து அரசாங்கம் யோசித்துப் பார்த்து, 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டது. கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதல்லவா. களனி கங்கைக்கு இன்னும் யாரும் அப்படிச் செய்யவில்லை. செய்யச் சொல்லி எவனாவது மனுப் போட்டால், முதலில் கையெழுத்துக் கேட்டு லயத்துக்குத்தான் வருவான்.