பதினோரு மணிக்கு எழுந்திருக்காத மேதை

உங்கள் வீட்டுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை செஸ் டோர்னமெண்டுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்களா? நோட்டீஸில் முதல் ரவுண்டு 9 மணி என்று போட்டிருக்கும். யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியலை ஒட்டும்போது மணி பதினொன்று. அண்டர்-10 பொடிசுகள், ஓபன் பிரிவில் ஆட வந்த வழுக்கைத்தலை மாமாக்கள், டிபன் டப்பாவோடு அம்மாக்கள் என்று எல்லாரும் ஒரே ஹாலில் வேர்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து மூவ் தள்ளி யோசிக்கிற கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தள்ளி யோசிக்க வராது.

கோபப்படாதீர்கள். இது பரம்பரை வியாதி. மகா மேதைகளுக்கே இருந்திருக்கிறது.

சாமுவேல் ரெஷெவ்ஸ்கியைப் பாருங்கள். 1911ல் போலந்தில் பிறந்தவர். எட்டு வயதில் மாலுமி டிரஸ் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், தாடி வைத்த பெரிய மனிதர்கள் ஒரு கும்பலோடு ஒரே நேரத்தில் ஆடுவார். தாடிகள் வரிசையாகத் தோற்கும். ஜூனியருக்குத் தனிப் போட்டி, சீனியருக்குத் தனிப் போட்டி என்ற யோசனை ஏன் பிறந்தது தெரியுமா? குழந்தைகளைக் காப்பாற்ற என்று நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ தாடிகளின் மேல்தான் சந்தேகம்.

1922ல் நியூயார்க்கில் பெரியவர்கள் டோர்னமெண்டிலேயே பையனைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவன் கையில் சிக்கியவர் டேவிட் யானோவ்ஸ்கி. சாதாரண ஆளில்லை, 1910ல் உலகப் பட்டத்துக்கே மோதியவர். (அந்த மேட்சில் ஒரு கேம்கூட ஜெயிக்கவில்லை என்பது வேறு கதை.) கையில் நாலு காசு சேர்ந்தால் நேரே கேஸினோவுக்குப் போய் விட்டுவிட்டு வருவார். அன்றைக்குப் பத்து வயதுப் பையனிடம் தோற்றார். கேஸினோவில் தோற்றால் பணம் மட்டும்தான் போகும்.

இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் கேட்டுவிட்டார்: பையன் எந்த ஸ்கூல்? அப்பா அம்மா திருதிருவென்று முழித்தார்கள். டோர்னமெண்ட் அட்டவணையில் பள்ளிக்கூடம் என்ற ரவுண்டே இல்லை! விஷயம் கோர்ட் வரை போனது. கடைசியில் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற கோடீஸ்வரர் கைகொடுத்தார். பையன் செஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஒழுங்காகப் படித்து முடித்தான். உலகமே வியந்த குழந்தை மேதை வளர்ந்து என்ன ஆனார்? அக்கவுண்டண்ட்.

கட் பண்ணினால் 1961. ரெஷெவ்ஸ்கிக்கு வயது 49. எதிரே பாபி ஃபிஷர், வயது 18. பதினான்கு வயதில் அமெரிக்காவின் தேசிய சாம்பியன் ஆனவர். பள்ளிக்கூடமா, டோர்னமெண்டா என்ற குழப்பம் இவருக்கும் வந்தது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு ஒரேயடியாகத் தீர்த்துவிட்டார்.

மொத்தம் 16 கேம். பதினொன்று முடிந்தபோது ஐந்தரைக்கு ஐந்தரை. சபாஷ், சரியான போட்டி! பன்னிரண்டாவது கேமில்தான் வந்தது வினை. போர்டில் இல்லை, டைம்டேபிளில்.

ரெஷெவ்ஸ்கி ஆசாரமான யூதர். வெள்ளி சூரியன் மறைந்தால் சனி சூரியன் மறையும்வரை காயைத் தொடமாட்டார். சனி இருட்டிய பிறகு ஆரம்பித்தால் நடுராத்திரி தாண்டிவிடும். சரி, ஞாயிறு மத்தியானம் என்று தள்ளினார்கள். எல்லாருக்கும் சௌகரியம். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர்தான் மேட்சுக்குப் பணம் போட்ட ஜாக்குலின் பியாடிகோர்ஸ்கி. ரோத்ஷைல்ட் வீட்டுப் பெண். சும்மா பணக்காரி என்று நினைக்காதீர்கள், 1957ல் முதல் பெண்கள் ஒலிம்பியாடில் வெண்கலம் வாங்கியவர். அவர் கணவர் கிரிகோர், செலோ மேதை. (செலோ என்றால் வயலினுக்குப் பெரியப்பா.) ஞாயிறு மத்தியானம் அவருடைய கச்சேரி. மேட்சையும் பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் கச்சேரிக்கும் போக வேண்டும். அதனாலென்ன, ஆட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் போச்சு!

பதினோரு மணியா? ஃபிஷருக்கு அது நடுநிசி அல்லவா! முடியவே முடியாது என்றார். மணி அடித்தது, கடிகாரம் ஓடியது, நாற்காலி காலியாக இருந்தது. பாயிண்ட் ரெஷெவ்ஸ்கிக்குப் போனது. அடுத்த ஆட்டத்துக்கும் பையன் வரவில்லை. மேட்சே ரெஷெவ்ஸ்கிக்கு என்று தீர்ப்பானது. ஃபிஷர் கேஸ் போட்டார். ஆக, ரெஷெவ்ஸ்கியின் வாழ்க்கையில் செஸ்ஸுக்காக இரண்டு முறை கோர்ட்: சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாததற்கு, பெரிய வயதில் இன்னொரு பையன் படுக்கையை விட்டு எழாததற்கு.

வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்கிறது: தப்பு யார் மேல்? கடவுளுக்குக் கட்டுப்பட்டவர் மேலா, கணவர் கச்சேரியைத் தவறவிடாத மனைவி மேலா, தூக்கத்தைத் தியாகம் செய்யாத பையன் மேலா? விக்கிரமாதித்தன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அவன் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறு வருஷம் கழித்து, 1967ல், துனிசியாவின் சூஸ் நகரில் இருவரும் மறுபடி ஒரே போட்டியில். இதற்குள் ஃபிஷருக்குப் பக்தி வந்து ஒரு சபையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். எந்த சபை? வெள்ளி மாலை முதல் சனி மாலைவரை ஆடக்கூடாது என்கிற சபை! ரெஷெவ்ஸ்கியின் சனிக்கிழமையால் மேட்சை இழந்தவர், இப்போது தனக்கென்று ஒரு சனிக்கிழமை வாங்கிக்கொண்டார். அட்டவணைச் சண்டையில் அங்கேயும் கோபித்துக்கொண்டு போனார். ரெஷெவ்ஸ்கி காலி நாற்காலியைப் பார்த்து இன்னொரு இலவச பாயிண்ட் என்று உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரக் கெடு முடியச் சில நிமிஷம் இருக்கையில் ஃபிஷர் நுழைந்தார், ஆடினார், ஜெயித்தார். அப்புறம் மறுபடி சண்டை. முன்னணியில் இருக்கும்போதே போட்டியை விட்டுப் போய்விட்டார்.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். 2022 மே மாதம். பதினாறு வயது பிரக்ஞானந்தா சென்னையிலிருந்து ஆன்லைனில் அனிஷ் கிரியைச் செமி ஃபைனலில் சாய்த்தார். முடிந்தபோது ராத்திரி 2 மணி. வெற்றி குறித்துக் கேட்டால் பையன் சொன்னது: காலை 8.45க்கு ஸ்கூலில் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்பு, காமர்ஸ் பரீட்சை!

ஃபிஷராக இருந்தால் கேஸ் போட்டிருப்பார். நம்மூர்ப் பையன் யார் மேல் போடுவான்? அம்மா மேலா?