கல்யாணபுரத்து வாயிற்காவலர்

கேள்வி: காவிரித் தண்ணீருக்காகப் போருக்கே போனால்தான் என்ன? (தாராசுரம் வாசகர்)

பதில்: போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உங்கள் ஊரில்தான் கிடைத்தது! சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் கொண்டுவந்த துவாரபாலகர். இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். பீடத்தில் வெற்றிச் செய்தி தமிழில் வெட்டியிருக்கிறது. இரு வம்சமும் தலைமுறை தலைமுறையாக மோதியதில் பெரும்பங்கு வேங்கிக்காக. கிருஷ்ணா, கோதாவரி பாயும் நெல் நாடு அது. ராஜாதிராஜன் 1054-ல் கொப்பத்தில் யானைமேலேயே உயிர்விட்டான். அப்புறமும் சண்டை ஓயவில்லை.

காவிரிக்கோ போரில்லாமலே 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்றது. தாமதம்தான், குறுவை கருகியதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்து நாற்றங்கால் விடுகிறவருக்கு வேண்டியது, அந்தந்த மாதத்துப் பங்கு அந்தந்த மாதமே வந்து சேர்வது. அதற்குப் படை எதற்கு?