உளப்பகுப்பு வளைவியல்

மாணாக்க, கேள். நோயர் கிடக்க, பகுப்பாளர் தலைமாட்டில் அமர, ஒருவர் வாயில் வந்ததெல்லாம் சொல்ல, மற்றவர் பெரும்பாலும் வாய்மூடிக் கேட்பது முதனெறி. வந்தவர் பொருட்டு அந்நெறி சற்றே கோணுதல் வளைவு. அது கிடைவளைவு, பொழுதுவளைவு, கைவளைவு, உண்டிவளைவு, விலங்குவளைவு என ஐவகைப்படும். ஆறு என்பாரும் உளர். அவர் கூற்றைக் கொள்ளற்க.

1. கிடைவளைவு. வியன்னாவில் பெர்க்காசே 19ஆம் எண் வீட்டில் சிக்மண்ட் பிராய்டு இட்டிருந்த சாய்கட்டில், நோயர் ஒருவர் கொடுத்த கொடை. தாம் அதன் பின்னே மறைந்திருப்பது ஏன் எனின், நாள்தோறும் எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பது தமக்கு ஒவ்வாது என 1913இல் அவரே எழுதினார். இவ்வளைவு இரண்டு வகை.

அ) நடைக்கிடை. கிடையாமையால் இப்பெயர் பெற்றது. 1910இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இசைப்புலவர் குசுதாவ் மாலருடன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்தே பகுத்தார் பிராய்டு. கால் யாருக்கு வலித்தது என்பது இவ்வியலுக்குப் புறம்பு.

ஆ) மாறுகிடை. நோயர் எழ, பகுப்பாளர் கிடத்தல். அங்கேரியின் பெரென்சி 1932ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இதனை எழுதிவைத்தார். அன்றைய கட்டணம் எவர் தலையில் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

2. பொழுதுவளைவு. இதுவும் இரண்டு.

அ) குறுக்கல். ஐம்பது மணித்துளி என்பது வழக்கு. பாரிசில் ழாக் லக்கான், நோயர் வாயினின்று பொருள் பொதிந்த சொல் ஒன்று விழுந்ததும் அமர்வை முடித்துவிடுவார். அது சில மணித்துளியிலேயே விழுதலும் உண்டு. உலக உளப்பகுப்பாளர் கழகத்தின் வலியுறுத்தலால் 1963இல் அவர் பெயர் பயிற்றுநர் பட்டியலினின்று நீக்கப்பட்டது.

ஆ) வரைதல். ஓநாய்க் கனவு கண்ட உருசிய இளைஞர் ஆண்டுக்கணக்கில் அசையாதிருக்க, இன்ன நாளோடு முடியும் எனப் பிராய்டு நாள் குறித்தார். 1914இல் முடிந்தது.

3. கைவளைவு. குழவியர்க்கு உரியது. மெலனி கிளைன் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி இழுப்பறை தந்து, உள்ளே சிறு விளையாட்டுப் பொருள்களை வைத்துப் பூட்டினார். வினிகாட் தாளில் ஒரு கிறுக்கல் இடுவார். குழந்தை அதனை ஏதேனும் ஓர் உருவாக்கும். பின்பு குழந்தை கிறுக்க, அவர் உருவாக்குவார்.

4. உண்டிவளைவு. 1907இல் பசியோடு வந்த நோயர் ஒருவர்க்குப் பிராய்டு வீட்டில் உணவிட்டனர். உட்பிரிவு இல்லை.

5. விலங்குவளைவு. யோபி என்னும் பிராய்டின் பெண்நாய் பகுப்பறையில் படுத்திருக்கும்; பொழுது நிறைந்ததும் எழுந்து கொட்டாவி விடும். பிராய்டு மணிப்பொறியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் மகன் மார்ட்டின் கூற்று. யோபி ஒன்றே இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. ஆயினும் வகை வகையே.

இனி வரம்பு. 1953இல் பகுப்பாளர் கர்ட் ஐசுலர் வளைவுக்கு இட்ட வரம்புகளுள் மூன்று: முதனெறி போதாதபோதே வளைக, வேண்டிய அளவுக்கு மேல் வளையற்க, வளைவு இறுதியில் தானே ஒழிக. எழுந்து போகும் இயல்பினால் யோபி மூன்றாவதனை முற்றும் காத்தது. மாலரின் நடையும் அன்றே ஒழிந்தது. லக்கானின் குறுக்கலோ ஒழிந்திலது. ஆதலின் அது வளைவன்று, வேறு நெறி என்பதே எம் முடிபு.

அடுத்த இயல் இருமல் பற்றியது. பகுப்பாளர் இருமல், நோயர் இருமல், இருவர்க்கும் பொதுவான இருமல் என அது மூன்றாய் விரியும். அதற்குள் மேற்கூறிய ஐந்தையும் நெட்டுருச் செய்து வருக.