மாவு பொங்கும் எல்லை: பாப்பாரப்பட்டி முதல் டெல்லி வரை ஒரு தை மாதக் குடிபெயர்வு ஆய்வு

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியிலிருந்து டெல்லிக்குத் தை மாதத்தில் காரில் குடிபெயரும் குடும்பம் தன் பயணத்தைக் கிலோமீட்டரால் திட்டமிடக் கூடாது, இட்லி மாவால் திட்டமிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இத்துறையில் இதுவரை செலவான மூளை முழுவதும் வரைபடத்தை விரித்து, தூரத்தை நாள்களால் வகுத்து, வரும் விடைக்கு ஏற்ற ஊரில் விடுதி தேடுவதோடு ஓய்ந்துவிட்டது. தூரம் 2,200 கிலோமீட்டருக்குக் குறையாது, கையில் இருப்பது நான்கு நாள், ஆகவே நாளொன்றுக்கு 550 என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். சுற்றுலா போகிறவருக்கு இந்தக் கணக்கு போதும், அவருடைய அடுப்படி ஊரிலேயே இருக்கிறது. குடிபெயர்கிறவரின் அடுப்படியோ லாரியில் ஏறிவிட்டது. அது காருக்கு முன்னால் போய்ச் சேராது என்பதையும், எந்த நாளில் சேரும் என்று மூட்டை கட்டியவரே உறுதி தர மாட்டார் என்பதையும் வீடு மாறிய எவரும் மறுக்கமாட்டார். ஆக, நடுவில் உள்ள அந்த நாள்களில் இக்குடும்பம் எதனால் உயிர் வாழும் என்பதுதான் முதல் கேள்வி. எந்தச் சாலையில் போவது என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

சாலையைப் பற்றி அதிகம் யோசிக்கவும் வேண்டியதில்லை. தருமபுரிக்கு வந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறிவிட்டால் பெங்களூரு, அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று அது தானாகவே டெல்லியில் கொண்டுபோய் விடும். கவனிக்க வேண்டியது அதன் திசை. பாப்பாரப்பட்டியும் குவாலியரும் ஆக்ராவும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 78 பாகையை ஒட்டி இருக்கின்றன. இந்தக் கோட்டின் அருமையை முதலில் உணர்ந்தவர் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அளவையைத் தொடங்கிய அவர், பின்னர் இதே 78 பாகையைப் பிடித்துக்கொண்டு தெற்கு வடக்காக நாட்டை அளந்தார். அவர் சுமந்து திரிந்த கோணமானி அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைக் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுவதன் இடர் குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நவீனச் சான்று இதுவே. அவருடைய முடிவும் நம் பொருளுக்கு நெருங்கியது. தலைமையகத்தை ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு மாற்றச் சாலை வழியே போய்க்கொண்டிருந்தபோது, 1823 ஜனவரியில், இன்று 44-ஆம் நெடுஞ்சாலை தொட்டுச் செல்லும் ஹிங்கன்காட்டில் இறந்தார். நாக்பூருக்கு முன்னால் ஏதோ ஓர் எல்லை இருக்கிறது என்ற ஐயம் இங்கேதான் முளைக்கிறது.

அந்த எல்லையை மாவு காட்டுகிறது. உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மாவு தானாகப் பொங்குவதில்லை. லூக்கோனாஸ்டாக் என்ற நுண்ணுயிரியும் அதன் கூட்டாளிகளும் இரவு முழுவதும் வேலை செய்து, அமிலமும் வாயுவும் உண்டாக்கி அதை உப்ப வைக்கின்றன. 30 பாகை செல்சியஸ் அருகே அவற்றுக்கு உற்சாகம். 20-க்குக் கீழே போனால் ஒத்துழையாமை. பாப்பாரப்பட்டியில் தை மாத இரவுக்குப் போர்வை வேண்டும், ஆனாலும் அடுப்பை ஒட்டி வைத்த மாவு விடிவதற்குள் எழுந்துவிடும். ஹைதராபாத் வரை இந்த நிலைமை நீடிக்கும். நாக்பூரில் ஜனவரி இரவு 12, 13 பாகைக்கு இறங்குகிறது. டெல்லியில் 7, 8. அங்கே இரவில் அரைத்து வைத்த மாவு காலையில் அரைத்து வைத்த மாவாகவே இருக்கும். தென்னாடு எங்கே முடிகிறது என்று விந்திய மலையையும் நர்மதையையும் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. ஒரே இரவில் மாவு பொங்குகிற வரைக்கும் தென்னாடு, அதற்கப்பால் வேறு நாடு என்பது என் கருத்து. நர்மதைக்குச் சற்றுத் தெற்கே, நாக்பூர் வாக்கில் தை மாதத்தில் அந்தக் கோடு விழுகிறது. பங்குனியில் அது எங்கோ மேலே போய்விடும் என்பதால் அரசியல்வாதிகள் இதில் ஆர்வம் காட்டப் போவதில்லை.

இதிலிருந்து பயணத்திட்டம் தானே வடிவெடுக்கிறது. மார்கழியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, வடக்கே மூடுபனி அடர்ந்திருக்கும் காலத்தில் பாதியை இந்த வழக்கம் செலவில்லாமல் தவிர்த்துத் தருகிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதும் சரிதான், ஆனால் ஆக்ராவுக்கு மேலே பிறந்த வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. பாசன ஈரம் தேங்கிய சமவெளி, காற்றசைவில்லாத தெளிந்த இரவு, குளிர்ந்த தரை மூன்றும் சேர்ந்தால் விடியலில் தரையோடு மேகம் படுத்துக்கொள்கிறது. யமுனை விரைவுச்சாலையில் குளிர்காலம் முழுவதற்கும் வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். ஆகவே ஜான்சிக்கு வடக்கே அறிவுள்ள எவரும் காலை ஒன்பது, பத்துக்கு முன் வண்டியை எடுக்கமாட்டார். மாவாராய்ச்சி இங்கேதான் கைகொடுக்கிறது. நாக்பூர் வரை இரவில் அரைத்துக் காலையில் இட்லி. நாக்பூருக்கு அப்பால் பனி விலகும்வரை காலையில் அரைத்து, பகலெல்லாம் காரில் புளிக்க வைத்து, இரவில் இட்லி. காரில் எப்படிப் புளிக்கும் என்பவருக்கு லாம்ப்டனின் கோடு பதில் சொல்லும். ஜனவரிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறான், வண்டியோ 78 பாகையைப் பிடித்து நேர் வடக்கே ஓடுகிறது, எனவே நடுப்பகல் வெயில் முழுவதும் பின்கண்ணாடி வழியாகவே உள்ளே விழும். பாத்திரத்தின் இடம் பின்னிருக்கைக்கு மேலுள்ள தட்டு. பாத்திரத்தில் பாதிக்குமேல் மாவு கூடாது. தொப்பூர்க் கணவாய் இந்த வழியில் இல்லாவிட்டாலும் வேகத்தடைகள் இருக்கின்றன. கிரைண்டரை லாரியில் ஏற்றுவது தற்கொலைக்கு ஒப்பு என்பது கிளைத் தேற்றம்.

மறுப்புகளில் சிலவற்றை விரைவில் முடித்துவிடலாம். ரயில் இருக்கிறதே என்பார்கள். தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் நிலையங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கார் டெல்லிக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிமாநிலத்தில் நிற்கும் வண்டிக்கு மறுபதிவு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதால் தடையின்மைச் சான்றும் அதோடு போக வேண்டும். பாப்பாரப்பட்டியில் சாலைப் பயணத்துக்கு வேறு மரியாதையும் உண்டு. தொழுநோயைக் காரணம் காட்டி அரசு ரயிலில் ஏறத் தடை விதித்தபின் நடந்தும் மாட்டுவண்டியிலும் நாடு சுற்றிய விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா இங்கே பாரத ஆசிரமம் அமைத்தவர், 1925 ஜூலையில் மறைந்ததும் இங்கேதான். அவர் பட்டதை நம் இட்லியோடு ஒப்பிடக் கூடாது, ஆகவே இதை இத்துடன் நிறுத்துகிறேன். வழியில் ஓட்டல் இல்லையா என்பது அடுத்தது. இருக்கிறது, அங்கே கிடைப்பதும் உணவுதான், ஆனால் நான்கு நாள் தொடர்ந்து பராத்தா சாப்பிட்டபின் பின்னிருக்கையில் எழும் அமைதியின்மைக்கு அந்த ஓட்டல்கள் பொறுப்பேற்பதில்லை. ரவா இட்லி மாவுப் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாமே என்பது சற்றுக் கனமான மறுப்பு. பெங்களூரு எம்.டி.ஆர். உணவகம் இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அந்தப் பண்டத்துக்குப் புளிப்பு தேவையில்லை, தயிரும் சோடாவும் போதும். அதுவே அதன் குறையும். போர்க்கால ஏற்பாட்டைச் சமாதான காலத்தில் நான்கு நாள் நீட்டிக்கக் கூடாது. விடுதி அறையில் கிரைண்டர் ஓட்ட விடுவார்களா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் கோட்பாட்டளவில்தான் விடை இருக்கிறது: கேட்காமல் ஓட்ட வேண்டும்.

கடுமையான மறுப்பு பாப்பாரப்பட்டியிலிருந்தே வருகிறது. தருமபுரிச் சீமை ராகிச் சீமை. நொய்யைக் குழைய வேகவிட்டு, ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி இறக்கினால் களி. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ மொச்சைக்கொட்டைக் குழம்போ. இதில் எந்த நுண்ணுயிரியின் தயவும் வேண்டாம். ஏழு பாகையிலும் களி களிதான். குளிர் கூடக் கூட அதன் சூடு அருமையாகிறது. ராகி மாவு ஒரு மூட்டை, ஒரு குண்டான், ஒரு துடுப்பு இருந்தால் இந்த ஊர்க்காரர் காஷ்மீர் வரைக்கும் திட்டமே போடாமல் போகலாம், இவ்வளவு ஆராய்ச்சி இட்லி தின்னிகளுக்கு மட்டுமே தேவை என்பது அவர்கள் வாதம். இதில் பெரும்பகுதி நியாயமே. ஆனால் களி அரை மணியில் ஆகிவிடுகிறது. பனி விலகும்வரை ஜான்சி விடுதியில் விழித்திருக்கும் குடும்பத்துக்கு மீதி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு வேலையில்லை. வேலையில்லாத குடும்பம் பனியிலேயே கிளம்பிவிடும். அதைக் கட்டி வைக்கிற சக்தி உளுந்து ஊற வைத்து அரைப்பதற்கு உண்டு, களிக்கு இல்லை. மேலும் ஆறேழு வயதுப் பிள்ளைகள் இன்று மூன்று வேளையும் களிக்கு ஒப்புக்கொள்வார்களா என்பதை மறுப்பாளர் தம் வீட்டில் சோதித்துவிட்டு வரட்டும். ஆகவே துணிபு சற்றுச் சுருங்குகிறது: நாக்பூர் வரை கிரைண்டர் ஆட்சி, அதற்கு வடக்கே மதியம் களி, காலையில் அரைப்பு, இரவில் இட்லி, என்றாவது மாவு எழாமல் போனால் இரவிலும் களி. காரில் ஏற்றும்போது முதலில் தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும் என்பதால் ராகி மூட்டை அடியிலும் கிரைண்டர் அதன் மேலும் போக வேண்டும். நாக்பூர் விடுதி வாசலில் மூட்டையை மேலே எடுத்து வைக்க அரை மணி நேரமும், முதுகு பிடிக்காத ஓர் ஆளும் தனியாக ஒதுக்குவது நல்லது.